கிலோ விலையும் தட்டு விலையும்

மனையியல் பாடம்

இந்த இதழின் மனையியல் பாடத்துக்கு மாட்டிறைச்சியின் விலையேற்றத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். நம் சங்கக் குடும்பங்களில் இதை உண்பவர்களும் உண்டு, உண்ணாதவர்களும் உண்டு. உண்பதா வேண்டாமா என்பது அவரவர் வீட்டு வழக்கம். அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. உண்ணும் வீடுகளில் சமைப்பவர் கையில் இருக்கும் பணம் அதே அளவில் நிற்க, கடைக்காரர் சொல்லும் விலை ஏறிக்கொண்டே போகும்போது என்ன செய்வது என்பதே நம் கேள்வி. இங்கே சொல்லப்படும் கணக்கு ஆட்டுக்கறிக்கும் கோழிக்கும் மீனுக்கும் பொருந்தும் என்பதால், மற்றவர்களும் படித்துப் பயன்பெறலாம்.

பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடையில் சொல்லப்படுவது கிலோ விலை. நாம் பார்க்க வேண்டியது தட்டு விலை. வெந்து இறங்கிய பிறகு எத்தனை பேர் தட்டில், யார் யார் தட்டில், எவ்வளவு விழுகிறது என்பதே உண்மையான விலை.

1. ஏழையின் இறைச்சி

கொல்கத்தாவில் நியூ மார்க்கெட், பார்க் சர்க்கஸ், ராஜாபஜார், கித்தர்பூர் முதலிய பகுதிகளில் இந்த இறைச்சிக்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு. உருது, இந்தி பேசுவோர் இதைப் 'படே கா கோஷ்த்', அதாவது பெரிய பிராணியின் கறி என்பார்கள். ஆட்டுக்கறி வாங்க முடியாத வீட்டிலும் இது வெந்தது. மலிவாகக் கிடைத்ததே இதன் பெருமை.

இதற்கு நீதிமன்றமே சாட்சி. 1958ஆம் ஆண்டில் முகமது ஹனீப் குரேஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் பசுவதைத் தடைச் சட்டங்களை ஆராய்ந்தது. மாட்டிறைச்சியும் எருமை இறைச்சியும் ஆட்டுக்கறியில் ஏறத்தாழப் பாதி விலைக்குக் கிடைத்ததே அவற்றுக்கு இருந்த தேவைக்கு முக்கியக் காரணம் என்று அத்தீர்ப்பு குறிப்பிட்டது. பாலும் நெய்யும் பழமும் வாங்க இயலாத எளியவர்களுக்கு, எப்போதாவது கிடைக்கும் ஒரு துண்டும் இல்லாமற்போனால் சத்துக்குறைவு ஏற்படும் என்பதையும் நீதிபதிகள் எடுத்துக்கொண்டார்கள். பசுக்களையும் கன்றுகளையும் வதைப்பதற்கான தடை செல்லும் என்றும், பயன்பாடு முடிந்த காளைகள், எருதுகள், எருமைகள் விஷயத்தில் முழுத் தடை செல்லாது என்றும் தீர்ப்பளித்தார்கள். பின்னர் 2005இல், குஜராத் வழக்கில், ஏழு நீதிபதிகள் அமர்ந்த அமர்வு காளை, எருதுகளுக்கான முழுத் தடையும் செல்லும் என்று முடிவு செய்தது.

சட்ட வாதத்தை வழக்கறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். நாம் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே. இது மலிவான உணவாக இருந்தது என்பதற்காகவே பல வீடுகளில் இடம்பெற்றது. அந்த மலிவு போகும்போது நஷ்டப்படுபவரும் எளியவரே.

2. விலை ஏன் ஏறுகிறது?

எல்லாப் பண்டங்களுக்கும் பொதுவான தீவனச் செலவு, லாரி வாடகை, கூலி ஆகியவை இதற்கும் உண்டு. அவற்றைத் தவிர இந்த இறைச்சிக்கே உரிய காரணங்கள் ஐந்து.

முதலாவது, சட்டம். மேற்கு வங்கத்தில் 1950இல் இயற்றப்பட்ட கால்நடை வதைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, மாடோ எருமையோ 14 வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாததாக இருக்க வேண்டும். அல்லது முதுமை, காயம், ஊனம், தீராத நோய் இவற்றால் நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். உள்ளாட்சித் தலைவரும் கால்நடை மருத்துவரும் சேர்ந்து சான்று தர வேண்டும். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் 10 வயது என்று வரையறுத்தது; 1976இல் அங்கே பசுவதையைத் தடுக்கும் அரசாணையும் வந்தது. ஆகவே இறைச்சிக்கென்று இளம் மாடுகளை வளர்த்து விற்கும் தொழில் இங்கே இல்லை. உழவும் பாலும் முடிந்த பிறகு மிஞ்சுவதே சந்தைக்கு வருகிறது.

இரண்டாவது, மிஞ்சுவதும் குறைந்துவிட்டது. உழவு மாட்டின் இடத்தை டிராக்டர் பிடித்துக்கொண்டது. 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்புக்கும் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கும் இடையில் நம் நாட்டில் ஆண் மாடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. வரத்து குறைந்தால் விலை ஏறும் என்பதற்குப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, போக்குவரத்தில் தடையும் அச்சமும். 2017 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட கால்நடைச் சந்தை விதிகள், சந்தையில் மாடுகளை இறைச்சிக்காக விற்பதைத் தடை செய்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த மாதமே அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. ஆனாலும் வழியில் மறிப்பார்களோ என்ற பயம் இருக்கும் தொழிலில், லாரிக்காரர் அந்தப் பயத்துக்கும் சேர்த்தே வாடகை கேட்பார். அது கடைசியில் நம் பையிலிருந்துதான் போகும்.

நான்காவது, ஏற்றுமதி. எருமை இறைச்சி ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பசு, காளை இறைச்சியை ஏற்றுமதி செய்ய அனுமதி இல்லை. எலும்பு நீக்கிய எருமை இறைச்சியே செல்கிறது. வெளிநாட்டு வியாபாரி நல்ல விலை தரும்போது உள்ளூர்க் கடைக்காரரும் அந்த விலையோடு போட்டியிட வேண்டியிருக்கிறது.

ஐந்தாவது, தோல். இதைப் பலர் நினைப்பதில்லை. மாட்டை வாங்கும் வியாபாரி கறியை மட்டும் வாங்குவதில்லை. தோல், எலும்பு, கொம்பு, கொழுப்பு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார். தோலுக்கு நல்ல விலை கிடைத்தால் கறியைச் சற்று மலிவாக விற்கலாம். தோல் விலை சரிந்தால் அந்தக் குறையைக் கறியின் மேல்தான் ஏற்ற வேண்டும். இந்த ஊரின் டாங்ரா, தில்ஜலா, தொப்சியா பகுதிகளிலிருந்த தோல் பதனிடும் தொழிற்கூடங்களை ஊருக்கு வெளியே மாற்றும்படி உச்ச நீதிமன்றம் 1996இல் ஆணையிட்டது. பான்தலாவில் தோல் தொழில் வளாகம் உருவாயிற்று. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நம் பக்கத்து ஊர்களும் இதே தொழிலில் வாழ்பவை. தோல் சந்தை தும்மினால் கறிக்கடைக்குச் சளி பிடிக்கும்.

இந்த ஐந்தில் ஒன்றைக்கூட நாம் அடுப்பங்கரையிலிருந்து மாற்ற முடியாது. மாற்றக்கூடியது வாங்கும் முறையும் சமைக்கும் முறையும் பரிமாறும் முறையும்தான்.

3. முற்றிய கறியின் இயல்பு

வயது முதிர்ந்த மாட்டின் கறி கடினமாக இருக்கும் என்பது மேலே சொன்ன சட்டத்திலிருந்தே விளங்கும். உழைத்த தசைகளைச் சுற்றிக் கொலாஜன் என்னும் நார்ப்பொருள் இருக்கிறது. வயது ஏற ஏற அந்த நார் இறுகும். அவசரமாகப் பெருந்தீயில் வதக்கினால் தசை சுருங்கி நீர் வெளியேறும். நாரோ அப்படியே நிற்கும். நீரோடு சேர்த்து நீண்ட நேரம் வேகவைத்தால் அதே நார் ஜெலட்டினாக உருகிக் குழம்புக்கு வழவழப்பையும் சுவையையும் தரும். ஜக்காரியா தெருவில் குளிர்காலக் காலைகளில் விற்கும் நிஹாரியின் ரகசியம் இதுவே. மலிவான கால்கறி இரவெல்லாம் சிறுதீயில் வெந்து, காலையில் கரண்டி பட்டாலே பிரியும்.

வீட்டில் இரவெல்லாம் அடுப்பெரிக்க முடியாது. குக்கருக்குள் நீரின் கொதிநிலை 120 டிகிரி செல்சியஸ் வரை உயர்வதால் மூன்று மணி நேர வேலை முக்கால் மணியில் முடியும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 35 முதல் 45 நிமிடம் விட வேண்டும். விசில் எண்ணிக்கொண்டு பெருந்தீயில் வைப்பது எரிவாயுவுக்குக் கேடு.

இந்த ஊரில் எந்தக் காய்கறிக் கடையிலும் கிடைக்கும் பச்சைப் பப்பாளியையும் மறக்க வேண்டாம். தோலோடு அரைத்த விழுது ஒரு மேஜைக்கரண்டி அரை கிலோ கறிக்குப் போதும். ஒரு மணி நேரம் ஊறினால் போதுமானது. அளவு மிஞ்சினால் கறி மாவாகிவிடும்.

4. தட்டு விலை போடும் கணக்கு

எடுத்துக்காட்டுக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். இவை சந்தை விலையல்ல, கணக்கு புரிவதற்காக.

எலும்பில்லாத கறி கிலோ 300 ரூபாய். வெந்ததும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை குறையும். 700 கிராம் நிற்பதாகக் கொள்வோம். அப்படியானால் வெந்த கறி 100 கிராம் 43 ரூபாய்.

எலும்போடு கறி கிலோ 220 ரூபாய். அதில் எலும்பு கால் பங்கு. சதை 750 கிராம். வெந்தால் 525 கிராம். 100 கிராம் 42 ரூபாய். எலும்புச் சாறு இலவசம். இது நல்ல வியாபாரம்.

அதே 220 ரூபாய்க் கறியில் எலும்பு மூன்றில் ஒரு பங்கு என்றால்? சதை 667 கிராம். வெந்தால் 467 கிராம். 100 கிராம் 47 ரூபாய். கிலோ விலை மலிவு. தட்டு விலை அதிகம்.

ஆக விதி இதுதான். எலும்பு எத்தனை பங்கோ, விலையும் குறைந்தது அத்தனை பங்கு குறைந்திருக்க வேண்டும். கால் பங்கு எலும்பென்றால் 300க்கு 225 வரை கொடுக்கலாம். மூன்றில் ஒரு பங்கென்றால் 200க்கு மேல் கொடுக்கலாகாது. நீங்கள் வழக்கமாக வாங்கும் கடையில் எலும்பு எவ்வளவு விழுகிறது என்று அறிய, ஒருமுறை வெந்த கறியை எலும்பிலிருந்து கழற்றி, எலும்பை மட்டும் நிறுத்துப் பாருங்கள்.

வாங்கும்போது கவனிக்க இன்னும் மூன்று செய்திகள்.

அ. கொத்துக்கறியை ஏற்கெனவே அரைத்து வைத்ததிலிருந்து வாங்காமல், துண்டைக் காட்டி நம் கண் முன்னே அரைக்கச் சொல்லுங்கள். கொழுப்பும் சவ்வும் எவ்வளவு சேர்கின்றன என்பது தெரியும்.

ஆ. கறி நீர் சொட்டிக்கொண்டு வெளிறியிருந்தால் தண்ணீருக்கும் சேர்த்து விலை கொடுக்கிறோம் என்று பொருள்.

இ. பண்டிகைக்கு முந்தைய நாட்களில் விலை ஏறுவது வழக்கம். குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதி நன்றாக வேலை செய்யும் வீட்டார் முன்கூட்டியே வாங்கி, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பொட்டலம் கட்டி வைக்கலாம். நம் ஊர் உப்புக்கண்டம் போடுவதானால் மார்கழி, தை மாத வறண்ட வெயிலில் போடுங்கள். இந்த ஊர் மழைக்கால ஈரத்தில் கறி காய்வதற்குள் கெட்டுவிடும்.

5. கறியைப் பெருக்கும் சமையல்

கொல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு இருப்பது உங்களுக்குத் தெரியும். 1856இல் இங்கே வந்து மெட்டியாபுருஸில் தங்கிய அவத் நவாப் வாஜித் அலி ஷாவின் சமையற்காரர்கள் செலவைக் குறைக்கக் கிழங்கு சேர்த்தார்கள் என்று ஒரு சாரார் சொல்வார்கள். அந்நாளில் கிழங்கே அரிய பொருள், சுவைக்காகச் சேர்த்தார்கள் என்று மறு சாரார் சொல்வார்கள். எது உண்மையானாலும், கறிச்சாற்றை உறிஞ்சிய கிழங்குக்கு இன்று குழந்தைகள் சண்டை போடுகிறார்கள். கறியைப் பெருக்கும் சமையல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். சேர்த்த பொருள் ஈடுகட்டவந்ததாகத் தோன்றாமல், விரும்பிச் சேர்த்ததாகத் தோன்ற வேண்டும்.

நம்மிடம் இதற்கு இணையான பண்டம் தால்ச்சா. தமிழ் முஸ்லிம் வீட்டுத் திருமணங்களில் உண்டவர்கள் மறக்கமாட்டார்கள். ஆறு பேருக்கான முறை இதோ.

தேவை: எலும்புக்கறி 400 கிராம், துவரம்பருப்பு 200 கிராம், கத்தரிக்காய் 3, வாழைக்காய் 1, பெரிய வெங்காயம் 2, தக்காளி 2, பச்சை மிளகாய் 3, இஞ்சி பூண்டு விழுது 1 மேஜைக்கரண்டி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், சிறு எலுமிச்சை அளவு புளி, பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை, எண்ணெய், உப்பு.

செய்முறை: எண்ணெயில் பட்டை, கிராம்பு, வெங்காயம் தாளித்து, இஞ்சி பூண்டு விழுதை வதக்கி, தூள் வகைகளையும் கறியையும் போட்டுப் புரட்டுங்கள். நான்கு டம்ளர் நீர் ஊற்றிக் குக்கரில் சிறுதீயில் 40 நிமிடம் வேகவிடுங்கள். பருப்பைத் தனியே குழைய வேகவைத்து மசியுங்கள். கறி வெந்த பிறகு காய்களையும் தக்காளியையும் மிளகாயையும் அதிலேயே போட்டுத் திறந்த பாத்திரமாக வேகவைத்து, பருப்பைச் சேருங்கள். புளிக்கரைசலைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். முன்னாலேயே ஊற்றினால் காய் வேக நேரமாகும். ஐந்து நிமிடம் கொதித்ததும் கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு இறக்குங்கள்.

சத்துக் கணக்கையும் பார்ப்போம். 400 கிராமில் சதை 300 கிராம் என்றால் புரதம் 60 கிராமுக்குக் குறையாது. 200 கிராம் துவரம்பருப்பில் 40 கிராமுக்கு மேல். மொத்தம் 100 கிராமுக்கு மேல். ஆளுக்கு 17 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய புரதம் ஏறத்தாழ 50 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே வேளையில், சோற்றில் உள்ளதைச் சேர்க்காமலே கிடைத்துவிடுகிறது. தனிக் கறிக்குழம்பாக வைத்திருந்தால் ஒரு கிலோ கேட்டிருக்கும் கூட்டத்துக்கு 400 கிராம் போதுமானதாகிறது.

விலை மேலும் ஏறி, வாங்கவே முடியாத வாரங்களும் வரலாம். அப்போது வங்காளிகளின் உபாயம் ஒன்று உண்டு. பலாப்பிஞ்சை அவர்கள் 'காச்-பாண்டா', அதாவது மரத்து ஆடு என்று அழைத்துக் கறி மசாலாவிலேயே சமைக்கிறார்கள். சுவைக்கு அது ஈடாகும். சத்துக்கு ஈடாகாது, கூடவே முட்டையோ பருப்போ வைக்க வேண்டும்.

6. யார் தட்டில்?

இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வந்துவிட்டோம்.

கறியின் அளவு குறையும்போது வீட்டில் யாருடைய பங்கு முதலில் குறைகிறது? பெரும்பாலான வீடுகளில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பிறகு சமைத்தவர் உட்காருகிறார். சட்டியில் அப்போது இருப்பது குழம்பும் இரண்டு எலும்பும். "எனக்குக் குழம்பே போதும்" என்று அவர் சொல்வார். வீட்டாரும் அதை நம்பிவிடுவார்கள். வளரும் பெண்பிள்ளையும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறாள்.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மேற்கு வங்கத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 71.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். இரத்தசோகைக்குப் பல காரணங்கள் உண்டு. இரும்புச்சத்துக் குறைவு அவற்றில் முக்கியமானது. இறைச்சியில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கும். கீரையிலும் பருப்பிலும் உள்ளதை அந்த அளவுக்கு ஏற்காது. ஆனால் பருப்போடு சிறிதளவு இறைச்சி சேர்ந்தால், பருப்பின் இரும்பும் கூடுதலாக உடலில் சேருகிறது. ஆகவே தால்ச்சாவில் கிடைக்கும் இரண்டு துண்டு, வெறும் இரண்டு துண்டு அல்ல.

எனவே சமைத்தவுடன், பரிமாறுமுன், துண்டுகளை எண்ணுங்கள். ஆறு பேர், பதினெட்டுத் துண்டென்றால் ஆளுக்கு மூன்று. சமைத்தவருக்கும் மூன்று. அதைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டுப் பிறகு மற்றவர்களை அழைக்கலாம். உணவோடு ஒரு துண்டு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். இரும்பை உடல் ஏற்க அது துணை செய்யும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் இந்த ஊர் வழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். தேநீர் இரும்பைத் தடுக்கும். ஈரல் மலிவாகக் கிடைத்தால் எப்போதாவது வாங்கலாம். கருவுற்ற தாய்மார்கள் மட்டும் ஈரலைத் தவிர்ப்பது நல்லது.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. இது பெண்கள் பகுதி என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போவது பல வீடுகளில் நீங்கள்தான். எலும்பு எத்தனை பங்கு என்று பார்ப்பது உங்கள் வேலை. சாப்பிட உட்காரும்போது, "உனக்கு எடுத்து வைத்தாயா?" என்று கேட்பதும் உங்கள் வேலை.

வீட்டில் கலந்து பேச

1. நாம் வாங்கும் கறியில் எலும்பு எத்தனை பங்கு? அதற்கேற்ப விலை குறைந்திருக்கிறதா?

2. ஒரு வேளைக் குழம்புக்கு ஆகும் கறியைப் பாதியாக்கி, பருப்போ கிழங்கோ சேர்த்தால் நம் வீட்டார் விரும்பும் பண்டம் எது?

3. தோல் விலைக்கும் கறி விலைக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளைகளுக்கு உங்கள் சொற்களில் விளக்குங்கள்.

4. போன முறை கறி சமைத்தபோது, கடைசியாகச் சாப்பிட்டவர் யார்? அவர் தட்டில் எத்தனை துண்டு இருந்தது?

நான்காம் கேள்விக்கு விடை தெரியாத வீட்டார், அடுத்த முறை கவனித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும்.